ஞாயிற்றுக்கிழமை நீங்கள் சொன்ன கதை

அக்கா,

இன்று காலை காபியோடு பேப்பரைப் புரட்டிக்கொண்டிருந்தேன். இந்த வாரம் டிவியில் தொடங்குபவை, முடிபவை, புதிதாக வரும் டிவிடிகள் என்று அரைப் பக்கத்துக்குப் பட்டியல். நடுவில் நம்முடைய இந்தித் தொடரின் பெயர்! முழுத் தொடரும் தமிழ்க் குரலோடு வருகிறதாம். தமிழ்க் குரல் என்று படித்ததுமே எனக்கு உங்கள் குரல்தான் கேட்டது. காபி ஆறிப்போய்விட்டது.

எண்பதுகளில் திருச்சி கைலாசபுரத்தில் நம் வீட்டு வரிசையில் உங்கள் வீட்டில்தான் டிவி இருந்தது. இந்தி தெரிந்தவரும் நீங்கள் ஒருவர்தான், போபாலில் எட்டு வருடம் குடித்தனம் செய்தவர் ஆயிற்றே. ஞாயிற்றுக்கிழமை காலை இட்லிப் பானையை இறக்கி வைத்துவிட்டு ஐந்தாறு பேர் உங்கள் கூடத்தில் வந்து உட்கார்ந்துவிடுவோம். நாடகத்தில் வருகிறவர்கள் பேசி முடித்த பிறகுதான் நீங்கள் தமிழில் சொல்வீர்கள். அதனால் திரையில் கல்யாணம் நடக்கும்போது நாங்கள் முந்தைய சாவுக்கு அழுதுகொண்டிருப்போம். உங்களுக்குச் சிரிப்பை அடக்க முடியாது.

அந்த வருடம்தான் என் மகன் வீட்டை விட்டுப் போனான். பரீட்சையில் தவறியவனிடம் அவன் அப்பா, "இனிமே இந்த வாசப்படி மிதிக்காதே" என்று சொல்லிவிட்டார். அவன் அதை அப்படியே எடுத்துக்கொண்டான். ஒரு கடிதம் கிடையாது. ரயிலடி, போலீஸ் ஸ்டேஷன், சொந்தக்காரர் வீடு எல்லாம் அலைந்து ஓய்ந்த பிறகு, எனக்கு இருந்த ஒரே பிடிப்பு அந்தத் தொடர். அதிலும் ஒரு பையன் அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு பம்பாய்க்குப் போயிருந்தான். அவன் திரும்பினால் என் பிள்ளையும் திரும்புவான் என்று மனதில் முடிச்சுப் போட்டு வைத்திருந்தேன். பைத்தியக்காரத்தனம்தான். உங்களிடம் மட்டும் சொன்னேன்.

ஒரு வாரம் நாடகத்தில் அந்தப் பையனின் அம்மாவுக்குக் கடிதம் வந்தது. படித்தவள் மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். நாங்கள் உங்கள் முகத்தையே பார்த்தோம். வழக்கத்தைவிடக் கொஞ்சம் தாமதமாகத்தான் சொன்னீர்கள்: "பையன் எழுதியிருக்கான். நல்லா இருக்கானாம். சீக்கிரம் வரேங்குறான்."

"சந்தோஷத்துக்கா இப்படி அடிச்சுக்குறா?" என்று கோடி வீட்டம்மா கேட்டார்.

"வடக்கே அப்படித்தாங்க. போபால்ல நான் எத்தனை பார்த்திருக்கேன்!"

நம்பினோம். இந்தி தெரியாதவர்கள் வேறென்ன செய்ய முடியும்? அன்று ராத்திரி பல மாதத்துக்குப் பிறகு நான் ஒரு வாய் ஒழுங்காகச் சாப்பிட்டேன்.

தொடரின் கடைசி வாரம் வந்தது. விடியும்போதே வந்து, "கிளம்பும்மா, ஸ்ரீரங்கம் போயிட்டு வரலாம். வேண்டுதல் இருக்கு" என்றீர்கள். டிவி இருந்த உங்கள் வீட்டைப் பூட்டிச் சாவியையும் கையில் எடுத்துக்கொண்டீர்கள். நம் வரிசையே உங்களைத் திட்டியது. எனக்கும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. காவிரிப் பாலத்தில் பஸ் போகும்போது, "பெருமாள் எங்க போயிடப் போறாரு, அக்கா? நாடகம் இன்னிக்கு விட்டா போச்சு" என்று கத்தியே விட்டேன். நீங்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். சன்னதி வரிசையில் உங்கள் உதடு ஓயவே இல்லை. என்ன வேண்டினீர்கள் என்று நான் கேட்கவும் இல்லை.

மறுநாள் வந்து முடிவைச் சொன்னீர்கள். தெரிந்தவர் ஒருவரிடம் கேட்டு வந்ததாகச் சொன்னீர்கள். பையன் வாசலில் வந்து நிற்கிறானாம், அப்பாதான் முதலில் ஓடிப்போய்ப் பையை வாங்குகிறாராம். பக்கத்தில் நின்று பார்த்ததுபோல் அப்படி விவரமாகச் சொன்னீர்கள். நான் உங்கள் மடியில் விழுந்து அழுதேன்.

நாலு மாதம் கழித்து ஒரு மத்தியானம் என் மகன் வந்து நின்றான். மீசை முளைத்திருந்தது, கன்னம் ஒட்டியிருந்தது. அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்குத்தான் ஓடி வந்தேன். "அக்கா, நாடகத்துல வந்த மாதிரியே வந்துட்டான் பாருங்க!"

நீங்கள் அடுப்படித் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டீர்கள். அவனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, நான்கூட அழாத அழுகை அழுதீர்கள்.

"அந்த லெட்டர்ல பையன் செத்துட்டான்னு இருந்துச்சும்மா. நான்தான் மாத்திச் சொல்லிட்டேன். சொன்னதுலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்ல. இவன் வராமலே போயிட்டா உன் மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

எனக்குக் கோபம் வரவில்லை, அக்கா. இத்தனை மாதமும் என்னைவிட அதிகமாகப் பயந்துகொண்டிருந்தவர் நீங்கள். ஒரு நாளாவது முகத்தில் காட்டியிருப்பீர்களா?

உங்களுக்குக் காரியம் நடந்த அன்று என் மகன்தான் முன்னால் நின்று எல்லாம் பார்த்தான். இப்போது அவனுக்கும் தலை நரைத்துவிட்டது. "பெரியம்மா அன்னிக்கு ஏம்மா அப்படி அழுதாங்க?" என்று இன்னமும் கேட்கிறான். உன்மேல் உள்ள பாசம்தான்டா என்று சொல்லிவிடுகிறேன். அவன் செத்துப்போயிருப்பானோ என்று நாம் இரண்டு பேரும் பயந்த நாட்களை அவனுக்குச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதை நான் மட்டும் வைத்துக்கொள்கிறேன்.