அப்பிடிப்பட்ட பெடியன்

2025 மார்ச் 3, திங்கள்

போனில் எழுதி வைத்திருந்த மூன்று வருடக் குறிப்பும் போய்விட்டது. அப்டேற் வந்திருக்கு, போடவோ என்று கேட்டது. ஓம் என்று அமத்தினேன். விடிய எழும்பிப் பார்த்தால் வெறும் வெள்ளைப் பக்கம். கேட்டுப் போட்டுத்தானே அழிச்சது, ஆரிட்டப் போய் முறையிடுறது?

இனிக் கொப்பியில்தான். மகளின் போன வருடக் கணக்குக் கொப்பியைத் தர்சிகா எடுத்துத் தந்தாள். தந்துபோட்டுச் சிரிப்பு வேறு. கட்டின மனுசி சிரிக்கிற சிரிப்பா அது?

மார்ச் 12, புதன்

போன கிழமை போன் ஐஸ் அறைச் சீமெந்து நிலத்தில் விழுந்து கண்ணாடி வெடித்தது. பாயிஸின் போன் திருத்துற கடைக்குக் கொண்டுபோக, ஒரு கிழமை செல்லும் என்றான். ஒரு கண்ணாடிக்கு ஒரு கிழமையா? பன்னிரண்டு வருடமாக ஐஸ் கொம்பனியில் எலெக்ரீசியன் நான். ஆள் உயரக் கொம்பிறஸரைக் கழட்டிப் பூட்டுகிறவனுக்கு இது ஒரு வேலையா?

கொழும்பிலிருந்து கண்ணாடி எடுப்பித்து, தர்சிகாவின் ஹெயார் ட்றையரால் சூடாக்கி, பழைய ரீலோட் காட்டைச் செருகிக் கிளப்பினேன். மூன்று மணித்தியாலம். பூட்டி முடிய வெளிச்சம் வந்தது. வீடு முழுக்கக் கேட்கக் கத்தினனான்.

பிறகுதான் பார்த்தால் கீழ்ப்பக்கம் மூன்று விரல் அகலத்துக்குத் தொட்டால் ஒன்றும் அசையாது. எழுத்து அமத்துற இடம் முழுக்க அங்கதான் கிடக்கு. சனியன்.

மார்ச் 13, வியாழன்

பாயிஸ் சொல்கிறான்: "உள்ளுக்க இருக்கிற றிப்பன் வயரை மடிச்சுப் போட்டாய் மச்சான். கொண்டு வா, நான் பாக்கிறன்."

குடுக்கமாட்டன். செத்தாலும் குடுக்கமாட்டன்.

மார்ச் 16, ஞாயிறு

வழி கண்டுபிடித்துவிட்டேன். வாயால் சொன்னால் எழுதுகிற ஒன்றை இறக்கினேன். மொழிப் பட்டியலில் இலங்கைத் தமிழ் இல்லை, இந்தியத் தமிழ்தான் இருந்தது. தமிழ் தமிழ்தானே. அனுப்புகிற பொத்தானும் அந்தச் செத்த இடத்துக்குள்தான் என்றபடியால் இன்னொரு வேலை செய்தேன் — சொல்லிப்போட்டு மூன்று செக்கன் பேசாமல் இருந்தால் தானாகவே போய்விடும். இதை ஒருத்தரும் எனக்குச் சொல்லித் தரேல்ல. நானே செய்தனான்.

வினோதனுக்குக் காட்டினேன். அவன் எங்கள் சுப்பர்வைசர், இலங்கைத்துறை ஊர்ப் பெடியன், இங்கே போடிங்கில் அறை எடுத்து இருக்கிறான். பதவியில் எனக்கு மேல், வயதில் ஏழு வருடம் கீழ். "நல்ல வடிவா இருக்கு அண்ணை. அது சரி, எழுதினதை ஆர் வாசிக்கிறது?" என்றான். கழுதை. பொறாமை.

மார்ச் 19, புதன்

காய்ச்சல். "இண்டைக்கு வர ஏலாது" என்று மனேச்சருக்குச் சொன்னேன். போனது: "இன்றைக்கு வர ஏழாவது."

"என்ன ஏழாவது? ஏழு பேர் வரேல்லையோ?" என்று அந்த மனிதன் கூப்பிட்டுக் கத்துகிறார். வினோதன் அதைக் கொம்பனி முழுக்கச் சொல்லிச் சிரித்திருக்கிறான். ஏழாவது அண்ணையாம் நான். எல்லாருக்கும் என்ர தலைதான் கிடைச்சது.

மார்ச் 25, செவ்வாய்

ஓர்ஸ் ஹில்லிலிருந்து பாக்கியரத்தினம் ஐயா போன் எடுத்தார், ஓய்வுபெற்ற போஸ்ற் மாஸ்ரர். மகள் கஜந்திக்கு வினோதனைப் பேசுகிறார்கள். சாதகம் பொருந்திவிட்டது, இனி விசாரிப்பு. கூட வேலை செய்கிற ஒருவரிடம் கேட்க வேண்டுமென்று என்னைப் பிடித்திருக்கிறார். "தம்பி, ஒளிக்காமல் சொல்லும். பெடியன் குடிக்கிறவனோ? எனக்குக் காது கேளாது, எழுதி அனுப்பும்."

வினோதனுக்கு மூன்று வருடமாக எல்லா இடமும் தட்டிப்போகிறது. போன கிழமை சொன்னான்: "இதுவும் சரிவராட்டி இனிப் பாக்கவேண்டாம் எண்டு அம்மாட்டச் சொல்லிப்போட்டன் அண்ணை." சொல்லேக்க முகம் அப்பிடி இருந்தது. பெட்டையைக் கோயிலில் ஒருக்காக் கண்டவன், அவ்வளவுதான். அதுக்கே சீப்பும் கையுமாத் தலை இழுத்துத் திரியிறான்.

குடிக்கமாட்டார் என்று ஆரும் எழுதலாம். ஆர் நம்புவினம்? அதனால் நடந்ததையே சொன்னேன், கொம்பிறஸருக்குப் பக்கத்தில் நின்று:

"ஒளிக்காமல் சொல்லுறன் ஐயா. கொம்பனிப் பார்ட்டியில நல்லாக் குடிச்சனான். வினோதன்தான் தூக்கிக்கொண்டு போய் வீட்டில விட்டது. இல்லாட்டி றோட்டில கிடந்திருப்பன். அப்பிடிப்பட்ட பெடியன்."

மூன்று செக்கன். போய்விட்டது. என் மானத்தை விற்று அவனுக்குப் பெண் எடுத்துக் கொடுக்கிறேன், தெரியுமா அவனுக்கு? பதில் உடனே வந்தது: "மறைக்காமல் சொன்னதற்கு நன்றி தம்பி."

மார்ச் 30, ஞாயிறு

போனை அடியோடு துடைத்துப் புது சிஸ்ரம் ஏற்றினேன். அப்படிச் செய்தால் கீழ்ப்பக்கம் உயிர் வரலாமென்று எங்கோ வாசித்தேன். வரேல்ல. பழைய செய்தியெல்லாம் போனதுதான் மிச்சம். போகட்டும், பொக்கிஷமா?

ஏப்ரல் 5, சனி

வினோதனின் சம்பந்தம் முறிந்துவிட்டது. வேறு சாத்திரியாரிடம் காட்டினார்களாம், செவ்வாய் இடிக்குதாம். முதல் சாத்திரியாருக்குத் தெரியாத செவ்வாய் இப்ப எங்கயிருந்து வந்தது? பெண் தர விருப்பமில்லையென்றால் முகத்துக்கு நேரே சொல்ல ஒருத்தருக்கும் வாயில்லை. படிச்ச மனுசன் வேற. கிழவன் எதிரில வந்தால் நாலு கேள்வி கேட்பன்.

வினோதன் மத்தியானம் சாப்பிடவில்லை. சோற்றுப் பார்சலைப் பிரிக்காமலே வைத்திருந்தான்.

ஏப்ரல் 17, வியாழன்

வருடப் பிறப்பு முடிந்து முதல் வேலை நாள், நல்லாத் தொடங்கிச்சு.

ஐஸ் அரைக்கிற இடத்தில் ஆறு பேருக்கு முன்னால் வினோதன் வந்து நின்றான். கலியாணத் தரகர் அவன் அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டாராம் — செவ்வாயுமில்லை புதனுமில்லை. அவன் குடிகாரன் என்று கொம்பனியில் ஒருவர் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

"உங்களைத்தான் கேட்டவை எண்டு எனக்குத் தெரியும் அண்ணை. என்ன எழுதினீங்கள்?"

"உன்னைப் பற்றி நல்லதுதானடா எழுதினனான்!"

"காட்டுங்கோ பாப்பம்."

எதைக் காட்டுறது? துடைச்சுப் போட்டனே. சொன்னேன். அவன் சிரித்தான். "வசதியாப் போச்சு" என்றான்.

எனக்கு உச்சியில் ஏறிவிட்டது. "உன்ர மூஞ்சிக்கு ஒருத்தரும் பெண் குடுக்காததுக்கு நானோ காரணம்?" என்று கேட்டனான். ஆறு பேரும் கேட்டவை. சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிப்போட்டன். அவன் மட்டும் என்னைக் கள்ளன் மாதிரிப் பார்க்கலாமோ?

ஏப்ரல் 18, வெள்ளி

அவனோட கதை இல்லை.

ஏப்ரல் 24, வியாழன்

இரண்டாம் கொம்பிறஸர் நின்றுவிட்டது. சுப்பர்வைசர் துரை எனக்கு வாயால் சொல்லவில்லை, துண்டு எழுதி மேசையில் வைத்திருந்தார்: "எலெக்ரீசியன் கவனிக்கவும்." பேரில்லை. திருத்திப்போட்டு அதே துண்டின் பின்பக்கம் "கவனிக்கப்பட்டது" என்று எழுதி வைத்தேன். நானும் துரைதான்.

அவன் நம்பரை அழித்தேன். பிறகு போட்டேன். பிறகும் அழித்தேன்.

தர்சிகா சொல்கிறாள்: "நீங்கள் நல்லதுதான் எழுதினீங்களெண்டால் அந்த ஐயாட்ட அது இருக்கும்தானே? போய் வாசிச்சுக் காட்டச் சொல்லுங்கோ. வினோதனுக்கு ஒரு வாழ்க்கை. உங்களுக்கு ரோசம்."

இவளும் அவன் பக்கம்.

ஏப்ரல் 27, ஞாயிறு

எழுதக் கை கூசுது. எழுதத்தான் வேணும்.

தர்சிகாவையும் கூட்டிக்கொண்டு ஓர்ஸ் ஹில்லுக்குப் போனேன். முந்திரிகைப் பழம் ஒரு பெட்டி. ஐயா கதிரை போட்டு இருத்தினார். சண்டைக்கென்றே போனனான். "நான் என்ன எழுதினனான் எண்டு எடுங்கோ பாப்பம்" என்றேன். எழுத்தெல்லாம் பெரிதாக்கி வைத்திருந்த தன் போனை நீட்டினார். அப்படியே எழுதுகிறேன்:

"ஒளிக்காமல் சொல்றேன் ஐயா கம்பெனி பார்ட்டியில் நல்லா குடித்தான் வினோதன் தான் தூக்கி கொண்டு போய் வீட்டில் விட்டது இல்லாட்டி ரோட்டில் கிடந்திருப்பான் அப்படிப்பட்ட பையன்"

இரண்டு தரம் வாசித்தேன். மூன்றாம் தரம் கண் தெரியேல்ல.

குடிச்சனான் என்று சொன்னதை அது குடித்தான் ஆக்கியிருக்கு. கிடந்திருப்பன், கிடந்திருப்பான். நாங்கள் கதைக்கிற 'நான்' அதுக்கு விளங்கேல்ல, எல்லாத்தையும் 'அவன்' ஆக்கிப்போட்டுது. ஒரு முற்றுப்புள்ளிகூட இல்லை, 'குடித்தான் வினோதன்' என்றுதான் ஆரும் வாசிப்பினம். நான் வாசிக்கவுமில்லை.

"நீர்தான் தூக்கிக்கொண்டு போய் விட்டனீர் எண்டு நான் விளங்கினனான்" என்றார் ஐயா. "எவ்வளவு நல்ல மனுசன், உண்மையை எழுதியிருக்கிறார் எண்டு மனுசிக்கும் சொன்னனான்."

"இல்லை ஐயா, நான் குடிச்சனான்" என்றேன்.

"என்ன?"

"குடிச்சது நான்."

"ஆர்?"

காது கேளாத மனுசன். எழும்பி நின்று கத்தினேன்: "நான்தான் ஐயா குடிச்சனான்! வெறியில விழுந்து கிடந்தது நான்! வினோதன் ஒரு சொட்டும் தொடேல்ல!"

முன்வீட்டு மனுசி மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தவ. குசினிக்குள் பாத்திரச் சத்தம் நின்றது. தர்சிகா என்னை நிமிர்ந்து பார்த்தாள். பார்ட்டி அன்றைக்கு அவளுக்குச் சொன்னது வேறு.

"இறால் ஒத்துக்கொள்ளேல்ல எண்டனீங்கள்," என்றாள். "வினோதனும் அப்பிடித்தானே சொன்னவர். வாளி பிடிச்சுக்கொண்டு நிண்டவர்."

ஓம். என் வீட்டு நிம்மதிக்காக அவன் வாளியும் பிடித்து, பொய்யும் சொன்னவன். அவனைத்தான் நான் ஆறு பேருக்கு முன்னால் மூஞ்சி என்றனான்.

கஜந்தி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். தகப்பனின் காதுக்குக் கிட்டக் குனிந்து, "நேர அவரிட்டயே கேளுங்கோ எண்டு நான் அப்பவே சொன்னனான்," என்றாள். என்னை அவள் பார்க்கவில்லை. ஐயா போனைத் திருப்பி வாங்கி மடியில் வைத்தார். மட்டக்களப்பில் ஒரு இடத்துக்குச் சாதகம் கொடுத்துவிட்டார்களாம். "பாப்பம் தம்பி," என்றார். அவ்வளவுதான்.

ஏப்ரல் 28, திங்கள்

காலமையே வினோதனிடம் எல்லாம் சொன்னேன். அந்தச் செய்தியைத் துண்டில் எழுதிக்கொண்டு போய்க் கொடுத்தேன். வாசித்தான். மடித்துப் பொக்கற்றுக்குள் வைத்தான்.

"போனில பிழை எண்டுறீங்கள்."

"ஓம்... இல்லை. என்னிலதான்."

"அண்டைக்கு என்ர மூஞ்சியைப் பற்றிச் சொன்னது? அதுவும் போனோ?"

கொம்பிறஸர் அறைக்குள் போய் வேலையைத் தொடங்கினேன்.

பின்னேரம் பாயிஸிடம் போனைக் கொடுத்தேன். திறந்து பார்த்துவிட்டு றிப்பன் மடிந்து கிடப்பதைக் காட்டினான். சிரிப்பான், நாலு குத்துக் குத்துவான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். ஒன்றும் சொல்லாமல் திருத்தினான். அது அதைவிட மோசம்.

மே 3, சனி

ஆறு நாளுக்குப் பிறகு தர்சிகா கதைத்தாள். "சீனி முடிஞ்சுது."

ஓடிப்போய் இரண்டு கிலோ வேண்டி வந்தனான்.

மே 21, புதன்

துண்டு: "எலெக்ரீசியன் கவனிக்கவும்." இன்னும் பேரில்லை. பின்பக்கம் "சரி" என்று மட்டும் எழுதினேன்.

யூன் 15, ஞாயிறு

மட்டக்களப்புச் சாதகம் உண்மையாகவே பொருந்தவில்லையாம். பெட்டை வேறு இடம் பார்க்க விட மாட்டன் என்று நின்றதாம். இரண்டும் பாயிஸ் சொல்லித்தான் தெரியும். எது முந்தி நடந்தது என்று அவனுக்கும் தெரியாது.

யூலை 2, புதன்

வினோதனுக்கும் கஜந்திக்கும் கலியாணம் ஒப்பந்தமாகிவிட்டது. கொம்பனியில் எல்லாருக்கும் லட்டு. என் மேசையிலும் ஒன்று இருந்தது, ஆர் வைத்தது என்று தெரியாது. கேட்கவுமில்லை.

ஓகஸ்ட் 20, புதன்

கலியாணக் காட் வந்தது. வினோதனின் அம்மா வீட்டுக்கு வந்து தர்சிகாவின் கையில் கொடுத்தவ. உறையில் அவன் கையெழுத்து: "திருமதி தர்சிகா ரஜீவன்."

திரு எங்கே? எல்லா வீட்டுக்கும் திரு, திருமதி என்றுதானே எழுதுகிறது? எனக்கு வந்த கோபத்துக்கு அதைக் கிழித்திருப்பேன். தர்சிகா வாங்கி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். "பிழையா எழுதேல்ல. வடிவா யோசிச்சுத்தான் எழுதியிருக்கிறார்," என்றாள்.

ஓம். வடிவா யோசிச்சுத்தான்.

செப்ரெம்பர் 4, வியாழன்

தர்சிகாவையும் மகளையும் மண்டப வாசலில் இறக்கிவிட்டு, எதிர்ப்பக்கம் மோட்டார் சைக்கிளை நிறுத்திக்கொண்டு நின்றேன். முடிய ஏத்திக்கொண்டு போகலாம் என்றுதான். போனை எடுத்துப் பார்ப்பதும் வைப்பதுமாக அரை மணித்தியாலம். மேளச் சத்தம் கேட்டது.

பாக்கியரத்தினம் ஐயா பட்டு வேட்டியோடு வாசலுக்கு வந்தார். ஆரையோ பார்க்க வந்தவர் என்னைக் கண்டுவிட்டார். மற்றப் பக்கம் திரும்பினேன். காது கேளாத மனிதருக்குத் தன் குரலின் உயரமும் தெரியாதுதானே. றோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கிற எனக்கும், உள்ளுக்குள் இருக்கிற சனத்துக்கும் சேர்த்துக் கூப்பிட்டார்:

"தம்பீ! நீர்தானே அண்டைக்குக் குடிச்சனீர்! ஏன் அங்க நிக்கிறீர்? உள்ள வாரும்!"

வாசலில் பன்னீர் தெளிக்க நின்ற பெட்டைகள், கதிரை வரிசையில் பாதிப் பேர், ஐயர்கூடத் திரும்பிப் பார்த்தவர். தர்சிகா சீலைத் தலைப்பால் முகத்தைப் பொத்தினாள். வாசலால் நேரே தெரிந்த மணவறையில் வினோதன் தலையைக் குனிந்தான். அழுகிறானோ என்று நினைத்தேன். தோள் குலுங்குது — சிரிக்கிறான். கஜந்தி அவன் முழங்கையில் இடித்தும் அடக்க முடியவில்லை. நாலு மாதமாக என்னோடு ஒரு சொல் கதைக்காதவன்.

றோட்டைக் கடந்து, செருப்பைக் கழட்டிப்போட்டு உள்ளுக்குப் போனனான்.