கிஷோருக்கு இன்னும் காது குத்தவில்லை

கோவில்பதாகை,
ஞாயிறு மதியம்.

அன்புள்ள வேம்புலி அண்ணாவுக்கு,

தங்கை கஸ்தூரி எழுதுவது. கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் இந்த வரி வரைக்கும் வந்திருந்தால் அதுவே எனக்குப் பெரிது. உன் ஓசூர் விலாசத்தை யூசுப் அண்ணனிடம் கெஞ்சி வாங்கினேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் உன்னோடு லேத் ஓட்டியவர்களில் அவர் ஒருவர்தான் இன்னும் உன்னோடு பேசுகிறார் போலிருக்கிறது. "போன் நம்பர் மட்டும் கேக்காதம்மா, அவன் என்ன உண்டு இல்லன்னு பண்ணிடுவான்" என்றார். அதனால்தான் கடிதம்.

அம்மாவுக்கு முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது. தைலத்தைத் தேய்த்துக்கொண்டு தெருவெல்லாம் சுற்றுகிறாள், வீட்டுக்குள் வந்தால் மட்டும் வலி என்கிறாள். கவிப்பிரியா நாலாம் வகுப்பு. வாய் நீளம், என்னைப் போல. சின்னவன் கிஷோரை நீ பார்த்ததே இல்லை. தை வந்தால் மூன்று வயது முடிகிறது. தூங்கும்போது உன்னைப் போலவே காலை மடக்கிக்கொள்கிறான். அம்மா அதைப் பார்த்துவிட்டு உன் பேச்சை எடுப்பாள், நான் அடுப்படிக்குள் போய்விடுவேன்.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் ஆவடி மார்க்கெட்டில் பஜ்ஜி வாங்கினேன். மடித்துக் கொடுத்த பேப்பரில் ஒரு செய்தி இருந்தது. வெளிநாட்டில் ஒருவருக்கு எச்.ஐ.வி. உடம்பை விட்டே போய்விட்டதாம், மாத்திரையை நிறுத்திப் பல வருஷம் ஆகியும் திரும்பவில்லையாம். எண்ணெய் ஊறின இடத்தில் பாதி வரிகள் தெரியவில்லை. தெரிந்த பாதியே எனக்குப் போதுமாக இருந்தது. பஸ் ஸ்டாண்டில் நின்றபடி அழுதேன். வேம்புலியம்மனுக்கு அன்றே கற்பூரம் ஏற்றினேன். அந்தப் பேப்பரைத் துடைத்து, புடவைகளுக்கு அடியில் இரண்டு வாரம் வைத்திருந்தேன். பிறகு அதை எடுத்துக்கொண்டு அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனேன், இந்த மாத்திரை கொடுக்கிற பிரிவுக்கு. வாசலில் தெரிந்த முகம் ஏதாவது வருகிறதா என்று முக்காடு போட்டுக்கொண்டு அரை மணி நேரம் நின்றேன். நீ மாதா மாதம் இப்படித்தானே நின்றிருப்பாய் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அங்கே ஆலோசனை சொல்கிற பெண்ணின் பெயர் பானுப்பிரியா. என்னைவிடச் சின்னவள். தெரிந்தவர் ஒருவருக்காகக் கேட்கிறேன் என்று சொல்லிப் பேப்பரை நீட்டினேன். அவள் சிரிக்கவில்லை, நிதானமாகப் படித்தாள். "அவருக்கு ரத்தப் புற்றுநோயும் இருந்திச்சுக்கா. அதுக்காகத்தான் எலும்பு மஜ்ஜைய மாத்துனாங்க. அந்த வைத்தியத்துலயே உயிர் போனவங்களும் உண்டு. மாத்திரையில நல்லா இருக்கறவங்களுக்கு அத யாரும் செய்ய மாட்டாங்க" என்றாள். எண்ணெயில் மறைந்த பாதி அதுதான். எல்லோருக்கும் ஆகிற மருந்துக்கு ஆராய்ச்சி நடக்கிறதாம். எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாதாம். அதுவரை பொடி, லேகியம் என்று யாராவது விற்றால் கிட்டவே போகக் கூடாது, மாத்திரையை ஒரு நாள்கூட விடக் கூடாது என்றாள். ஒழுங்காகச் சாப்பிட்டால் சோதனையில் தெரியாத அளவுக்குக் கிருமி அடங்கிவிடுமாம், எல்லோரையும் போல வயசாகும் வரைக்கும் இருக்கலாமாம். உங்களுக்குத் தெரிந்தவர் மாத்திரையை எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறார், கூட யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள். இரண்டுக்கும் எனக்குப் பதில் தெரியவில்லை.

எழுந்து வரும்போது, வெட்கத்தை விட்டு, அவர் மடியில் குழந்தையை வைத்துக் காது குத்தலாமா என்று கேட்டேன். "குத்தறது கொழந்த காதுலதானேக்கா, மாமா காதுலயா?" என்றாள். மாமா என்று நான் சொல்லவே இல்லை, அவளே கண்டுபிடித்துவிட்டாள். அதற்கு எந்தக் காலத்திலும் தடை இருந்ததில்லை, ஒரே தட்டில் சாப்பிட்டாலும் ஒன்றும் ஆகாது என்றாள். நானும் அவளோடு சேர்ந்து சிரித்தேன். ஷேர் ஆட்டோவில் ஏறிய பிறகு அழுகையை அடக்க என்னால் முடியவில்லை.

அண்ணா, ரத்த சோதனைக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நீ என்னிடம் மட்டும்தான் சொன்னாய். அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. அன்று ராத்திரியே உன் டம்ளரின் அடியில் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வைத்தேன். மற்றவற்றோடு கலந்துவிடக் கூடாது என்று. நீ ஒரு நாள் தண்ணீர் குடித்துவிட்டுக் கவிழ்க்கும்போது அதைப் பார்த்தாய். அதற்குப் பிறகு அந்த டம்ளரை நீயே கழுவி, நீயே தனியாக வைத்தாய். அதைப் பார்த்து எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போது என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

கவிப்பிரியா காதுகுத்துக்கு நீ புது வேட்டி கட்டிக்கொண்டு, கம்மலும் பாவாடை சட்டையும் தட்டில் வைத்துக்கொண்டு கோயிலுக்கு வந்தாய். படியிலேயே உன்னை நிறுத்தி, "அண்ணா, அவரு ஊட்ல ஒத்துக்க மாட்றாங்க, தட்ட மட்டும் வச்சிடு" என்றேன். நீ "சரிம்மா" என்றாய். பெரியம்மா மகன் தட்சிணாமூர்த்தி மடியில் வைத்துக் குத்தினோம். பந்தி போடும்போது தேடினேன், உன் செருப்பு இல்லை. அந்த வாரமே ஓசூர் போய்விட்டாய். தாய்மாமன் இருக்கும்போது வேறு மடியா என்று கேட்டவர்களிடமெல்லாம், உனக்கு ஏதோ கோபம் என்று சொன்னேன். அம்மாவும் அதையே நம்பிக்கொண்டு உன்னைத் திட்டுகிறாள்.

நான் சொன்னது பொய் அண்ணா. அவர் வீட்டில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவர்களுக்குத் தெரியவே தெரியாது. பயந்தது நான் மட்டும்தான். பழியைத் தூக்கி அவர்கள் மேல் போட்டேன்.

போன வாரம் உன் மாப்பிள்ளையிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் சொன்னதும் தப்புதான், அதையும் மன்னித்துக்கொள். அவர் கம்பெனியிலிருந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் கேட்டார். "இன்னா கஸ்தூரி, அதுக்கா மச்சான் ஆறு வருசமா நம்ம ஊட்டாண்ட வராம கீறாரு? நான்தான் இன்னாவோ தப்பு பண்ட்டேன்னு நெனச்சிகினு கீறேன்" என்றார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பேசினார், உன் பஸ் எங்கே நிற்கும் என்று கேட்பதற்காக. பூந்தமல்லி வரைக்கும் போகாதே, மெட்ரோ வேலையில் எந்தப் பக்கம் இறக்கிவிடுவான் என்றே தெரியாது. நசரத்பேட்டையிலேயே இறங்கிவிடு. அவர் வண்டியோடு நிற்பார்.

அந்தப் பேப்பரைப் பார்த்து நான் ஏன் அப்படி அழுதேன் என்று யோசித்தேன். உனக்குக் குணமாகும் என்ற சந்தோஷம் இருந்தது, அது பொய்யில்லை. ஆனால் உனக்குக் குணமாகிவிட்டால் நான் செய்ததும் இல்லை என்று ஆகிவிடும், மன்னிப்புக் கேட்காமலே உன்னைக் கூப்பிட்டுவிடலாம் என்ற எண்ணமும் இருந்தது. உன் வியாதிக்கு மருந்து தேடுகிறேன் என்று சொல்லிக்கொண்டு எனக்குத்தான் தேடியிருக்கிறேன்.

இன்று காலையில் டம்ளர்களைக் கவிழ்த்துப் பார்த்தேன். புள்ளி தேய்ந்து போயிருக்கிறது. ஆறில் எது உன்னுடையது என்று எனக்கே தெரியவில்லை. அம்மா, பிள்ளைகள், நான், எல்லோரும் எல்லாவற்றிலும் குடித்துக்கொண்டிருக்கிறோம்.

மருந்து வரட்டும் அண்ணா, தினமும் வேண்டிக்கொள்கிறேன். வராவிட்டாலும் நீ வா. வந்து நாலு பேர் எதிரில் என்னைத் திட்டினாலும் சரி. கோயிலில் தேதி குறிக்கவில்லை, நீ சொல்கிற நாள்தான் நாள். நீ வராவிட்டால் வேறு யார் மடியிலும் அவனை உட்கார வைக்க மாட்டேன். பள்ளிக்கூடம் போனாலும், மீசை முளைத்தாலும், கிஷோர் மூளிக் காதோடுதான் இருப்பான்.

வேம்புலியம்மன் உன்னை நோய் நொடி தீண்டாமல் என்று எழுத வந்தேன், கை நின்றுவிட்டது. அம்மன் உன்னைத் தனியாக விடாமல் வைக்கட்டும்.

உன் தங்கை,
கஸ்தூரி

பி.கு.: மாத்திரை எத்தனை மணிக்கு என்று ஒரு வரி எழுது. அதற்கு முன்னால் சோறு வடித்து வைத்துவிடுகிறேன்.