பின்சீட்டு உள்ள வண்டி

ஞாயிறு, காலை

அன்புள்ள கறார்க்காரிக்கு,

அவசரக்குடுக்கை எழுதிக்கொள்வது. இங்கே நானும் குட்டியும் சுகம். உன் தம்பியும் சுகம்தான், என் மேல் இருக்கிற எரிச்சலைத் தவிர. நீ சுகமா? அந்த ஆஸ்பத்திரியில் இன்னும் உனக்கு நின்றபடியேதான் சாப்பாடா?

இதையெல்லாம் போனில் சொல்லிவிடலாமே என்பாய். போனில் நாம் என்ன பேசுகிறோம்? மாடு எப்படி, மழை எப்படி, குட்டி படித்தாளா. அதற்குள் எந்த நோயாளியாவது மணியடித்து உன்னைக் கூப்பிட்டுவிடுகிறார். கடிதம் என்றால் நடுவில் யாரும் மணியடிக்க முடியாது.

கெட்ட செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் பழைய பிக்கப் போய்விட்டது. ஓடையைத் தாண்டிக்கொண்டிருந்தேன், அடியில் படக்கென்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால் அடிச்சட்டமான சேசிஸ் விட்டுப்போய் வண்டியின் பின்பாதி தனியாகத் தொங்குகிறது. வண்டி மேல் நின்ற கிடாரி எனக்கென்ன என்று அசைபோட்டுக்கொண்டிருந்தது. உன் தம்பி பட்டறையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தான். அடியில் படுத்துப் பார்த்தான், எழுந்து கையைத் துடைத்துக்கொண்டான். "மாமா, இனிமே எதை எதோட ஒட்டறது? ஏற்கெனவே பாதி வண்டி என்னோட வெல்டிங்தான்" என்று சொல்லிவிட்டான்.

வண்டி இல்லாமல் பண்ணையில் கை ஒடிந்த மாதிரி இருக்கிறது. மழை பிடிப்பதற்குள் கீழ்வயலில் கிடக்கிற வைக்கோல் கட்டுகளை மேலே ஏற்றியாக வேண்டும். இரண்டு கிடாரிகள் முதல் கன்றுக்கு நிறைமாதம். ஒன்றுக்குச் சிக்கலானாலும் மாட்டு டாக்டரிடம் எதில் கொண்டுபோவேன்? உட்கார்ந்தால் எழுந்துவிடுகிறேன், எழுந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை. வாசலுக்கும் கொட்டகைக்கும் நடந்து நடந்து செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம். "அப்பா, கொஞ்சம் நில்லுங்களேன், தலை சுத்துது" என்கிறாள் குட்டி.

போன கடிதத்தின் அடியில், ஒப்பந்தத்தை இன்னும் நீட்டிக்கச் சொல்கிறார்கள், யோசிக்கிறேன் என்று பொடி எழுத்தில் எழுதியிருந்தாய். அதைப் பற்றி நான் வாயைத் திறக்கப் போவதில்லை. புயலில் விழுந்த கொட்டகையைக் கட்டப் பணம் வேண்டும் என்றுதான் நீ கிளம்பினாய். இப்போது கொட்டகை நிற்கிறது, ஓடுகூட மாற்றியாகிவிட்டது. அவ்வளவுதான் சொல்வேன். நீ யோசி. நான் வண்டியைப் பற்றி எழுதுகிறேன்.

பழைய வண்டி விற்கும் ஒரு வியாபாரியிடம் போனோம். கறுப்பு வண்டி, முகம் பார்க்கலாம் போல மினுமினுப்பு. சாவியைத் திருகியதும் ஒரே தடவையில் பிடித்துக்கொண்டது. நான் மனசுக்குள் பாதி வாங்கியேவிட்டேன். உன் தம்பி சும்மா போகிறவன் போலப் பானெட்டில் கையை வைத்தான். சூடு. காலையில் குளிர்ந்து கிடக்கும்போது ஸ்டார்ட் ஆகிறதா என்பதில்தானே டீசல் வண்டியின் லட்சணம் தெரியும். நாங்கள் வருவதற்கு முன்பே ஓட்டிச் சூடேற்றி வைத்திருக்கிறார். கேட்டால், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு இப்போதுதான் வந்தேன் என்றார். "இன்னிக்கு லீவாச்சே அங்கிள்" என்று குட்டி போட்டு உடைத்துவிட்டாள்.

பிறகு இஞ்சின் ஓடும்போதே ஆயில் மூடியைத் திறக்கச் சொன்னான் உன் தம்பி. குபுகுபுவென்று புகை, இஞ்சின் உள்ளே தேய்ந்துபோனதற்கு அடையாளம். அடியில் புதிதாகக் கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். உன் தம்பி ஸ்க்ரூடிரைவரால் லேசாகக் குத்தினான், அது பாட்டுக்கு உள்ளே போய்விட்டது. பெயிண்டுக்குப் பின்னால் இரும்பே இல்லை. நீ வந்திருந்தால் பார்க்கிற பார்வையிலேயே அந்த ஆள் உண்மையைக் கக்கியிருப்பார். நானோ அவர் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

இன்னும் இரண்டு வண்டி பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு எழுதுகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள். நின்றபடி சாப்பிடாதே.

உன்,
அவசரக்குடுக்கை


வியாழன், மாலை

அன்புள்ள கறார்க்காரிக்கு,

சிரிக்காமல் படிப்பேன் என்று சத்தியம் செய்துவிட்டு மேலே படி.

கோழிப்பண்ணை வைத்திருந்தவர் பண்ணையை மூடிவிட்டார், அவருடைய பிக்கப் விலைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டோம். நம் பழைய வண்டியின் அதே கம்பெனி, அதே இஞ்சின். முன்னால் இரண்டு பேர் மட்டும் உட்காரலாம், மீதியெல்லாம் சாமான் தட்டு. தட்டு நல்ல நீளம், மாடு இரண்டு தாராளமாக நிற்கும். நம் மேட்டு நிலத்துக்கே கொண்டு வரச் சொன்னோம். தீவன மூட்டைகளை நிறைய ஏற்றிக் கல்மேட்டில் ஓட்டிப் பார்த்தேன். திணறவில்லை, கரும்புகை இல்லை, கிளட்ச் வழுக்கவில்லை. உன் தம்பி குறை தேடித்தேடி அலுத்துப்போய்க் கடைசியில் ஹாரன் சரியில்லை என்றான்.

யோசித்துச் சொல்கிறேன் என்று அவரை அனுப்பிவைத்தேன். அவர் கீழ் கேட்டைத் தாண்டிப் போனதும் கொக்கியைப் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் நின்று கிளட்சைப் பற்றி உன் தம்பியிடம் அளந்துகொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் மேய்ச்சல் நிலம் காலி. அத்தனை மாடும் வரிசையாகக் கேட்டைத் தாண்டி ரோட்டில் ஓடுகின்றன! தலைவிதான் முன்னால். நீ வைத்த பெயருக்கு அன்றைக்குத்தான் நியாயம் செய்தாள்.

தீவனம் வருகிறது என்பதற்கு இத்தனை வருஷமாக அவற்றுக்கு அந்த இஞ்சின் சத்தம்தானே அடையாளம். வாயால் கூப்பிட்டு நாம் பழக்கவே இல்லையே. கோழிக்காரர் கண்ணாடியில் பார்த்துப் பயந்து வேகமாக ஓட்டியிருக்கிறார். அவர் வேகம் கூடக்கூட மாடுகளும் ஓட்டத்தைக் கூட்டியிருக்கின்றன. பெட்ரோல் பங்க் வரைக்கும் ஊர்வலம். நாங்கள் மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தபோது வண்டியைச் சுற்றி நின்று தட்டை நக்கிக்கொண்டிருந்தன, அவர் கதவைத் திறக்க முடியாமல் உள்ளே உட்கார்ந்திருந்தார். "நான் வண்டிய விக்க வந்தேனா, உங்க மாட்டையெல்லாம் ஓட்டிட்டுப் போக வந்தேனா?" என்று கண்ணாடியை இறக்காமலே கத்தினார். உன் தம்பி தரையில் உட்கார்ந்துவிட்டான் சிரித்து. "மாடுங்களே வாங்கிருச்சு மாமா, நீங்க இன்னும் யோசிக்கிறீங்க" என்றான்.

அவன் சொல்வது நியாயம்தான். வேலைக்கு இதைவிடப் பொருத்தமான வண்டி கிடைக்காது. ஆனாலும் என் வாயில் சரி என்ற சொல் வரவில்லை. ஏன் என்று கேட்டான். சீட்டு இடுப்பைக் குத்துகிறது என்று ஏதோ உளறினேன். உண்மையில் அவரை அனுப்புவதற்கு முன்பே வீட்டு வாசலில் அதில் குட்டியை ஏற்றி உட்கார வைத்து இரண்டு கதவையும் சாத்திப் பார்த்தேன். நான், அவள், நடுவில் கியர் கம்பி. அதோடு நிறைந்துவிட்டது.

மறுநாள் யாரிடமும் சொல்லாமல் ஒரு தச்சர் வீட்டுக்குப் போனேன். அவரிடம் இருப்பது இரண்டு வரிசை சீட்டு உள்ள பிக்கப். டீசல்தான். விடிந்ததும் வாருங்கள், நீங்கள் வரும் வரைக்கும் சாவியைத் தொட மாட்டேன் என்றிருந்தார். சொன்னபடியே பானெட் சில்லென்று இருந்தது. முதல் தடவையில் பிடிக்கவில்லை, இரண்டாவதில் பிடித்து, கொஞ்சம் வெள்ளைப் புகை விட்டு, அடங்கிவிட்டது. "அது அப்பிடித்தாங்க, காலைல எனக்கும் எந்திரிக்கக் கஷ்டம்" என்றார். ஆயில் மூடியைத் திறந்தேன், சுத்தம். அடியில் துரு இருக்கிறது, மறைக்கவில்லை. பின்சீட்டு முழுக்க ஸ்டிக்கர், கதவில் பேனா கிறுக்கல். அவருடைய பிள்ளைகள் ஒட்டியது. எல்லாரும் வளர்ந்து வேறு வேறு ஊருக்குப் போய்விட்டார்களாம். "பின்னாடி திரும்பினா காலியா தெரியுதுங்க, அதான் குடுத்துடலாம்னு" என்றார். நான் டயரைப் பார்ப்பது போலக் குனிந்துகொண்டேன்.

ஆனால் தட்டு குட்டை. மாடு ஒன்றுதான் நிற்கும். வைக்கோலுக்கு ஒரு நடைக்கு இரண்டு நடை ஆகும். இஞ்சின் சத்தமும் வேறு, நம் மாடுகள் தலையைக்கூடத் தூக்காது.

கோழிக்காரருக்கு அடுத்த வார ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். எனக்கு ஒரே ஒரு விஷயம் தெரிந்தால் போதும். எத்தனை பேருக்கு வண்டி வாங்கட்டும்? உன் கடிதம் இங்கே வந்து சேர இன்னும் நாளாகும், இது கிடைத்ததும் ஒரு வரி போனில் அனுப்பு.

உன் பதிலுக்காக நடந்துகொண்டே இருக்கும்,
அவசரக்குடுக்கை


செவ்வாய், காலை

அன்புள்ள கறார்க்காரிக்கு,

உன் ஒரு வரி வந்து பத்து நாளுக்கு மேல் ஆகிறது. "வேலைக்கு எது சரியோ அதை வாங்குங்க, என்னை யோசிக்க வேண்டாம்."

எனக்குக் கோபம் வந்தது, மறைக்க மாட்டேன். உன்னை யோசிக்க வேண்டாம் என்றால் நான் வேறு எதை யோசிப்பது? போனைப் போட்டு இரண்டு வார்த்தை கேட்டுவிடலாம் என்று எடுத்தேன். நீ பணியில் இருக்கிற நேரம். எடுத்தால் மாடு எப்படி, மழை எப்படி என்று முடிந்துவிடும். கீழே வைத்துவிட்டேன். கோபம் போனதும் பயம் வந்தது. அது இன்னும் போகவில்லை.

நீ சொன்னதை நான் கேட்கவில்லை. தச்சரின் வண்டியை வாங்கிவிட்டேன்.

கோழிக்காரர் நல்ல மனிதர், வருத்தப்படவில்லை. மாடுகள் பின்னால் வராத வண்டி எதுவோ அதையே வாங்கிக்கொள்ளுங்கள், ரோட்டுக்கு நல்லது என்றார். உன் தம்பிதான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். விவசாயி வாங்குகிற வண்டியா இது, கல்யாணத்துக்குப் போகிற வண்டி என்றான். என்னோடு பேசாமல், குட்டியிடம் சொல்லி எனக்குச் சேதி அனுப்பினான். பிறகு அவனே ஒரு நாள் அளவு நாடாவோடு வந்து நின்றான். தட்டின் பின்கதவைத் திறந்து போட்டால் அதன் மேல் பொருந்துகிற மாதிரி ஒரு கம்பிக் கூண்டு செய்து மாட்டியிருக்கிறான். இப்போது வைக்கோல் கொஞ்சம் கூடுதலாக நிற்கிறது. மாமா தப்பு பண்ணியாச்சு, இனி தப்பை நீளமாக்க வேண்டியதுதான் என்று அக்காவிடம் சொல்லச் சொன்னான்.

மாடுகள் எதிர்பார்த்தபடிதான். முதல் நாள் தீவனத்தோடு போய் நின்றேன். ஒன்றும் திரும்பவில்லை. இஞ்சினை உறுமவிட்டேன், ஹாரன் அடித்தேன், கடைசியில் இறங்கி நின்று தொண்டை கிழியக் கத்தினேன். தலைவி என்னைப் பார்த்துவிட்டு, யாரோ விற்பனைக்காரன் என்பது போல மறுபடி மேயப் போய்விட்டாள். கன்றுகள்தான் முதலில் வந்தன, அவற்றுக்குப் பழைய சத்தம் அவ்வளவாகத் தெரியாதே. பிறகு கிடாரிகள். நேற்றுத்தான் தலைவி இறங்கி வந்தாள், கடைசி ஆளாக, கோபத்தோடு. கிடாரிகளில் ஒன்று சுகமாகக் கன்று போட்டுவிட்டது. இன்னொன்றுக்கு நாள் நெருங்குகிறது. வைக்கோல் பாதி ஏறிவிட்டது, மீதிக்கு மேகத்தைப் பார்த்துப் பார்த்து ஓடிக்கொண்டிருக்கிறேன்.

குட்டியைப் பற்றி எழுதவேண்டும். வண்டி வந்த அன்றே பின்கதவைத் திறந்து ஏறிக்கொண்டாள். முன்னால் வா, ரோடு நன்றாகத் தெரியும் என்றேன். "அது அம்மா சீட்டு" என்று சொல்லிவிட்டு பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள். நான் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை, சத்தியமாக. அன்றிலிருந்து பள்ளிக்கூடத்துக்கும் கடைக்கும் அப்படித்தான் போகிறோம். அவள் பின்னால், நான் முன்னால், பக்கத்தில் யாரும் இல்லை. மகாராணிக்கு டிரைவர் வேலையா என்று கடைக்காரர் கேட்கிறார். உன் தம்பி ஒரு நாள் மாடு நக்குகிற உப்புக்கட்டியை அந்தச் சீட்டில் வைத்துவிட்டான். அவள் இறங்கி வந்து அதைத் தூக்க முடியாமல் தூக்கித் தட்டில் போட்டுவிட்டு, சீட்டைத் தன் கைக்குட்டையால் துடைத்தாள். அதற்குப் பிறகு என் மேல் அவனுக்கு இருந்த எரிச்சலும் போய்விட்டது.

நீ கையெழுத்து போட்டுவிட்டாயா, இல்லையா என்று நான் கேட்கவில்லை. போட்டிருந்தாலும் வண்டியைத் திருப்பிக் கொடுக்கப் போவதில்லை. அங்கே உன்னை நம்பிப் படுத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள், எனக்குத் தெரியாமல் இல்லை. எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும், சாப்பாட்டுக்கு உட்கார ஒரு நாற்காலி உனக்குக் கிடைக்க வேண்டும்.

அம்மாவுக்கு என்ன எழுதட்டும் என்று குட்டியிடம் கேட்டேன். உன் சீட்டைப் பற்றி எழுதச் சொன்னாள். தச்சரின் மனைவி நல்ல உயரம் போலிருக்கிறது, முன்சீட்டு ரொம்பப் பின்னால் தள்ளிக் கிடந்தது. லீவர் துருப்பிடித்து அசையவே இல்லை. உன் தம்பி எண்ணெய் விட்டுத் தட்டித் தட்டி நகர வைத்தான். நீ எப்போதும் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து, மெதுவா போங்க மெதுவா போங்க என்று ரோட்டையே பார்த்துக்கொண்டு வருகிறவள். அதை நினைத்து, மூன்று பேரும் சேர்ந்து ஒரு குத்துமதிப்பில் சீட்டை முன்னால் இழுத்து வைத்திருக்கிறோம். அளவு சரியா என்று அம்மாவிடம் கேளுங்கள் என்கிறாள். கடிதத்தில் எப்படிச் சொல்ல முடியும், உட்கார்ந்து பார்த்தால்தானே தெரியும் என்றேன்.

உன்,
அவசரக்குடுக்கை