நான்காவது அறை

அன்புள்ள சித்ராதேவி, நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

கல்லூரிக்கு எதிரே நாம் வாடகைக்குக் கட்டிய மூன்று அறைகளிலும் மாணவிகள் வந்துவிட்டார்கள். நமக்கென்று வைத்த நான்காவதையும் கேட்கிறார்கள் என்றாய். "விட்டுருவோமா? நான் அடுப்படியில படுத்துக்கிறேன்" என்றும் போனில் கேட்டாய்.

அருள்புரத்தில் நாங்கள் ஆறு பேர் வாடகைக்கு இருக்கும் அறையின் சொந்தக்காரம்மா மயிலாத்தாளிடம் இதைச் சொன்னேன். "ஏனுங்க, ஊர்ல நாலு ரூமுக்குச் சொந்தக்காரரு, என்ற ரூம்ல ஆறாவது ஆளாப் படுத்திருக்கறீங்களா?" என்று சிரித்தார். நாங்களும் சிரித்தோம்.

அறையை விட்டுவிடு. என் தலையணையை மட்டும் யாருக்கும் கொடுக்காதே. தீபாவளிக்குப் பனியன் கம்பெனியில் பத்து நாள் விடுமுறை. மாணவிகள் ஊருக்குப் போய் நான்கு நாளில் திரும்பிவிடுவார்கள்; அதுவரை அந்த அறை நமக்கு. மீதி ஆறு நாளும் அடுப்படியில் எனக்கும் இடம் வை.

ஷிப்டுக்கு நேரமாகிறது.

காசிமாயன்