கார்லோவி வாரியில் ஏழு ஊற்றுத் தண்ணீர்

இன்று காலையில் கேத்திலுக்குள் பிடித்திருந்த சுண்ணாம்பைக் கரைக்க வினாகிரி ஊற்றிக் கொதிக்கவிட்டேன். டென்மார்க்கில் எங்கள் பிராண்டே ஊர்த் தண்ணீரைப் பற்றி உனக்குச் சொல்லவா வேண்டும்! மூடியைத் திறக்க ஆவி முகத்திலடித்தது. எடியே, உடனே கார்லோவி வாரி ஞாபகம் வந்து தனியே நின்று சிரித்தேன். கடதாசிப் பூவை ஊற்றில் போட்டுக் கல்லாக்கி விற்கிற ஊரல்லவா அது? "எங்கட கேத்தில் இதை ஓசியில செய்யுது" என்று கடைக்காரிக்கு முன்னாலேயே சொன்னவள் நீ.

இரண்டாயிரத்து ஒன்பது. வைகாசியில் சண்டை முடிந்தது என்றார்கள். ஊரைவிட்டு இடம்பெயர்ந்து வன்னிக்குள் அகப்பட்ட உன் அம்மா செல்லடியில் போய்விட்டா என்று ஊரவர் ஒருவர் தொலைபேசியில் சொன்னார். உடலும் இல்லை, நாளும் தெரியாது. நீ முதியோர் இல்லத்து வேலைக்கு என்னோடு வந்துகொண்டேயிருந்தாய். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. எனக்குப் பயமாய் இருந்தது. கேட்டதற்கு, "முப்பத்தொண்டு செய்யாமல் எப்பிடியடி அழுகிறது?" என்றாய்.

நீ திருகோணமலைக்காரி. செத்தவர்களுக்கு முப்பத்தோராம் நாள் கிரியை என்றால் உங்களுக்குக் கன்னியா வெந்நீர்க் கிணறுகள்தான். ஏழு கிணறு, ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூடு. ஏழிலும் அள்ளித் தலையில் ஊற்றினால்தான் போன சீவன் ஆறும் என்பாய். அந்த நேரம் அங்கே யார் போவது?

கோடை விடுமுறைக்கு நாலைந்து குடும்பமாய்ச் செக் நாட்டுக்குப் பஸ் பிடித்திருந்தோம். வரமாட்டேன் என்றிருந்த உனக்குச் சும்மா படத்தைக் காட்டினேன். "வெந்நீர் ஊற்றோ? எத்தினை?"

"பத்துக்கு மேலை இருக்குதாம்."

"எனக்கு ஏழு காணும். நான் வாறன்."

சிவப்பு வாளியோடு பஸ்ஸில் ஏறினாய். எல்லாரும் கடற்கரைக்கோ என்று கேட்டுச் சிரித்தார்கள்.

என்ன ஊரடி அது! ராசாவுக்கென்று கட்டிய குளிப்பு மாளிகை பூட்டிக் கிடந்தது, அதற்கே வாயைப் பிளந்தோம். பெரிய ஊற்று ஒரு மாடி கடந்து சீறியடிக்க, நீ கையைத் தட்டிக் கத்தினாய்: "ஐயோ, கன்னியா குழந்தைப்பிள்ளை! இது பெரியம்மா!" பிறகு கல்தூண் மண்டபத்துக்கு ஓடினாய். அங்கே ஊற்றுக்கு ஊற்று சூடு எழுதிய பலகை. சனங்கள் மூக்கு வைத்த கோப்பைகளில் மெல்ல உறிஞ்சிக் குடித்துக்கொண்டு நடக்க, நீ வாளியை வைத்து ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பிடித்தாய்.

ஏழாவதில் காவல்காரி வந்துவிட்டாள். குடிக்கிற தண்ணீர், வாளியில் பிடிக்கக் கூடாது என்று ஜெர்மனில் ஏசினாள். அந்த ஊரில் ஒரு மிடறும் வைத்தியர் சொன்னபடிதான் குடிப்பார்களாம். எனக்கு எங்கிருந்து துணிவு வந்ததோ, "டொக்டர்! டென்மார்க் டொக்டர்! ஏழு!" என்று உன் தலையைத் தொட்டுக் காட்டினேன். வேதக்காரி நான், புனித மக்தலேனா கோயிலின் இரட்டைக் கோபுரம் உள்ள ஊரில் வைத்துப் பச்சைப் பொய் சொன்னேன். அவள் உன் முகத்தைப் பார்த்தாள். தரை வழுக்கும், ஆற்றோரம் போங்கள் என்று கையைக் காட்டினாள்.

உடுத்த உடுப்போடு குந்தியிருந்தாய். சூடு ஆறியபின் ஏழு தரம் ஊற்றினேன். மூன்றாவதிலேயே தொடங்கிவிட்டாய். என் இரண்டு காலையும் கட்டிப்பிடித்து, "என்ரை அம்மா, உன்னை விட்டிட்டு வந்திட்டனே" என்று நீ வைத்த ஒப்பாரிக்குப் பாலத்தில் போன சனம் நின்று பார்த்தது. நானும் சேர்ந்து அழுதேன்.

திரும்பி வரும்போது, டென்மார்க் எல்லை தாண்டின கையோடு உன் தொலைபேசி அடித்தது. வவுனியாவிலிருந்து உன் மச்சாள். அம்மா முகாமில் இருக்கிறா, உயிரோடு! காலில் மட்டும் காயம்! பஸ்ஸே துள்ளியது. சாரதி பயந்துபோய்ப் பஸ்ஸை ஓரங்கட்டினான். நீயோ என் தோளைப் பிடித்து உலுப்பினாய்: "எடி, உயிரோட இருக்கிற மனுசிக்கு ஊத்திப்போட்டனே! ஏதும் ஆகுமோ?"

"விசரி, செத்ததெண்டு கதை வந்தால் ஆயுசு கெட்டியடி!"

நான் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அது பலித்தேவிட்டது. அம்மாவுக்கு இப்போது தொண்ணூறு தொடப்போகிறது. புற்று வந்து ஆறே மாதத்தில் போனவள் நீதான்.

ஞாயிறு தவறாமல் அம்மா எனக்குத் தொலைபேசி எடுப்பா. உன் புற்றுநோயைப் பற்றியோ கடைசி நாளைப் பற்றியோ ஒரு சொல் கேட்கமாட்டா. "பிள்ளை, நான் செத்திட்டன் எண்டு என்ரை மகள் அழுத கதையைச் சொல்லு" என்பா. சொல்லுவேன். வாளிக்குச் சிரிப்பா, டொக்டருக்கு இருமல் வருமட்டும் சிரிப்பா. ஆற்றங்கரைக்கு வந்தவுடன் ஏழு ஊற்றலையும் ஒவ்வொன்றாய் எண்ணிச் சொல்லச் சொல்லுவா.

ஏழும் முடியக் கேட்பா: "கனக்க அழுதவளோ?"

"ஓம் அம்மா. கனக்க."