சாகாவரம் பெற்ற வரிசை

மார்ச் 2, திங்கள்
என் சாம்ராஜ்யம் இன்று மூன்றாவது முறையாகக் கவிழ்ந்தது. சாம்ராஜ்யம் என்றால் எங்கள் கண் கிளினிக்கின் டோக்கன் புரோகிராம். எழுதிய மகான் நானே. கரண்ட் ஒரு விநாடி போய் வந்தது, அவ்வளவுதான். காத்திருந்த முப்பத்தெட்டுப் பேரின் வரிசை ஆவியாகிவிட்டது. "நான்தான் அடுத்தது" என்று முப்பத்தெட்டுப் பேரும் எழுப்பிய சத்தத்தில் பக்கத்துக் கண்டத்துப் பறவைகள் பதறிப் பறந்திருக்கும்.

தலைமை நர்ஸ் டிராயரைத் திறந்து தன் பழைய கோடு போட்ட நோட்டை எடுத்தார். "சார், இன்னும் ஒரே ஒரு தடவை இப்படி ஆகட்டும். அப்புறம் இந்த நோட்டுதான். உங்க புரோகிராம நீங்களே வச்சுக்கங்க."

நாலு வருஷ உழைப்பு!

மார்ச் 3
தங்கை மகளுக்குப் போன் போட்டேன். அவளும் புரோகிராம் எழுதிப் பிழைக்கிறவள்.

"மாமா, வரிசை எதுல இருக்கு?"

"லிஸ்ட்ல."

"லிஸ்ட் எங்க இருக்கு?"

"புரோகிராமோட மெமரியில."

"அப்ப அது செத்தா இதுவும் கூடவே போகத்தானே செய்யும்?"

கேள்வியா, குத்தா?

அவள் சொன்ன மருந்து: கீ-வேல்யூ ஸ்டோர். பேரைச் சொன்னால் பொருளை எடுத்துத் தரும் கிடங்கு. பேட்டரி வைத்த தனி மெஷினில் ஓடும். எல்லாவற்றையும் டிஸ்க்கில் எழுதிக்கொள்ளும். "பார்க்க நம்ம புரோகிராம்ல இருக்கற பழைய லிஸ்ட், பழைய டிக்‌ஷனரி மாதிரியேதான் மாமா. இருப்பு மட்டும் அங்க."

மார்ச் 5
மாற்றியாயிற்று. கிடங்குக்குள் ஒரு டிக்‌ஷனரி, ரூம் நம்பரைச் சொன்னால் அந்த ரூமின் லிஸ்ட் வரும். இரண்டே வரி மாற்றினேன். வீட்டில் இரண்டாயிரம் என்று சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 6
மானம் போயிற்று. கிளினிக் திறக்குமுன் சோதனையாக இரண்டாம் ரூமுக்குப் பத்து டோக்கன் போட்டேன். சீட்டு வந்தது. திரையில் ஒரு ஆள்கூட இல்லை! நர்ஸின் கை டிராயர் பக்கம் நகர்ந்தது.

"பத்தே நிமிஷம்மா!"

மறுபடி போன்.

"டிக்‌ஷனரியிலேருந்து லிஸ்ட்ட வெளிய எடுத்து, அதுல சேர்த்தீங்களா?"

"எப்பவும் அப்படித்தானே?"

"இது குடுக்கறது ஜெராக்ஸ் மாமா. ஜெராக்ஸ்ல எழுதிட்டு உள்ள திருப்பி வைக்கலைன்னா கிடங்குக்கு எப்படித் தெரியும்?"

"ஒரே மாதிரின்னு சொன்னியேடி!"

"பார்க்கத்தான்னு சொன்னேன்."

பேசாமல் ரூமுக்கு ஒரு லிஸ்ட் வையுங்கள், ஒவ்வொன்றும் நேராகக் கிடங்கிலேயே இருக்கட்டும், சேர்ப்பதெல்லாம் அங்கேயே போய் விழும் என்றாள். செய்தேன். ஒன்பதாவது நிமிடம் பத்துப் பேரும் திரைக்கு வந்தார்கள். வேண்டுமென்றே புரோகிராமைக் கொன்று எழுப்பினேன். பத்துப் பேரும் அப்படியே. நர்ஸ் டிராயரை மூடினார். பூட்டவில்லை.

மார்ச் 7
மூன்று ரூம், மூன்று லிஸ்ட். நான் பேரரசன். இடுப்பு வலி.

மார்ச் 17, செவ்வாய்
கரண்ட் போயிற்று. திரை கறுத்தது. கூடம் நிறைய ஆள். முப்பத்தெட்டுக்கே அந்தச் சத்தம் என்றால்... என் ஆயுளில் பாதி அந்த நாற்பது விநாடியில் கழிந்தது. உயிர்த்தெழுந்த திரையில்: ரூம் 2, டோக்கன் 41.

நர்ஸ் நிமிரக்கூட இல்லை. "நாப்பத்தொண்ணு, வாங்க."

அவ்வளவுதான். கைதட்டல் இல்லை, பீரங்கி முழக்கம் இல்லை. நாற்பத்தொன்று எழுந்து போனார். நாற்பத்திரண்டு கொட்டாவி விட்டார்.

சாயங்காலம் பார்த்தேன். நர்ஸின் ஆடிக்கொண்டிருந்த மேஜைக்காலுக்கடியில், நாலாக மடித்த அந்தக் கோடு போட்ட நோட்டு.

"ரொம்ப நாளா ஆடுது சார்" என்றார்.

அழுத்திப் பார்த்தேன். இப்போது ஆடவில்லை.