பத்துச் சுற்று டேப்

அபிஷேகப்பாக்கம்
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் கல்பனாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. முட்டிவலியைத் தவிர நான் சௌக்கியம், டெல்லியில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன் அறையில் புதிதாக வந்திருக்கும் சுவேதா எப்படிப்பட்டவள் என்று நீ சொல்லவே இல்லை, எதற்கும் அலமாரியைப் பூட்டியே வை. போனில் சொன்னால் நீ நடுவில் பேசுவாய், நான் பாதியை விழுங்கிவிடுவேன், அதனால்தான் தாளில் எழுதி போட்டோ பிடித்து அனுப்புகிறேன்.

நம் லாரி டிரைவர் இன்னாசிமுத்து வேறு வேலை கிடைத்துப் போய்விட்டான் என்று உன்னிடம் சொன்னது பொய். நடந்தது இதுதான். கரும்பு லோடோடு ஆலை வாசலில் மணிக்கணக்கில் நிற்கும்போது எஞ்சின் சூடேறுகிறது, ரேடியேட்டருக்குக் கரண்ட் ஃபேன் போட்டு, தண்ணீர் சூடானால் அதைத் தானாக ஓட வைக்கிற சென்சாரும் வைக்கலாம் என்று அவன்தான் கேட்டான். அவனே கேட்டதால் எனக்குச் சந்தேகம். மெக்கானிக் கலைவேந்தனும் அவனும் கூட்டு, பழைய சாமானை என் தலையில் கட்டப் போகிறார்கள் என்று நினைத்து, கிருமாம்பாக்கம் பட்டறையில் காலையிலேயே போய் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டேன். கலைவேந்தன் சென்சாரை ஒரு வாஷரோடு முடுக்கப் போனான். குழாய்க்குச் சுற்றுகிற வெள்ளை டேப்பில்கூட மிச்சம் பிடிக்கிறானே, தண்ணீர் ஒழுகாதா என்று, நானே எதிர்க்கடையில் டேப் வாங்கி வந்து சென்சாரின் திருகு மரையில் பத்துச் சுற்று சுற்ற வைத்தேன். இந்தச் சென்சாருக்கு ஒரே வயர்தான், மரை எஞ்சின் இரும்பில் ஒட்டினால்தான் கரண்ட் போகும் என்று அவன் சொன்னதைச் சாக்கு என்றே எடுத்துக்கொண்டேன். எஞ்சின் சூடாகிறவரை ஓட்டிப் பார்க்கலாம் என்றான், டீசல் யார் வீட்டுது என்று கேட்டேன். சென்சார் வயரை வண்டி இரும்பில் தொட்டு ஃபேன் சுற்றுவதை மட்டும் காட்டினான்.

மறுநாள் லோடோடு போன இன்னாசிமுத்து பாதி வழியில் போன் பண்ணி, ஃபேன் ஓடவில்லை, நிறுத்தட்டுமா என்று கேட்டான். எங்கேயோ நிழலில் படுத்துத் தூங்கப் பார்க்கிறான் என்று, ஆலைக்குப் போய் நிறுத்து என்றேன். ஆலை வாசலில் எஞ்சின் கொதித்து நின்றுவிட்டது. நான் ஆட்டோவில் போய் இறங்கி, வரிசையில் இருந்த அத்தனை டிரைவர்கள் முன்னாலும், நல்ல சென்சாரைக் கழற்றி விற்றுவிட்டாயா என்று கேட்டேன். உன் அப்பா காலத்திலிருந்து ஓட்டியவன். சாவியை என் கையில் வைத்துவிட்டு ரோட்டுப் பக்கம் நடந்து போனான்.

எஞ்சின் வேலை முடிய ஒரு மாதம் ஆயிற்று. போன செவ்வாய்க்கிழமை கலைவேந்தன் அந்த டேப்பைப் பிரித்துப் போட்டுவிட்டு, அதே சென்சாரை மாட்டி எஞ்சினை ஓட விட்டான். கொஞ்ச நேரத்தில் ஃபேன் தானாகச் சுற்றியது, கரண்டை மறித்தது நான் சுற்ற வைத்த டேப்தான். அவன் என் முகத்தைப் பார்க்காமல் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான். எனக்கு வெட்கமாக இருந்தது கல்பனா.

நேற்று இன்னாசிமுத்து வீட்டுக்குப் போனேன். சாமான் திருடுகிறவன் என்று பேச்சு பரவி, இந்த ஒரு மாதமாக எந்த லாரிக்காரரும் அவனைக் கூப்பிடவில்லை, கொத்தனாரோடு மண் சுமக்கப் போகிறானாம். தப்பு என்னுடையதுதான், திரும்பி வந்துவிடு என்றேன். எனக்கு நாற்காலி போட்டுவிட்டு நின்றபடியே சொன்னான், "இங்க நாலு சுவத்துக்குள்ள சொன்னா எனக்கு இன்னாக்கா ஆவும்? அங்க வச்சி சொன்னீங்க, அங்கயே வந்து சொல்லுங்க."

என்னை அவமானப்படுத்தத் திட்டம் போடுகிறானோ என்று அப்போதும் ஒரு நிமிடம் தோன்றியது, என் புத்தி அப்படி. ஆனால் அவன் கேட்டது நியாயம். நாளைக் காலை ஒன்பது மணிக்கு வண்டிகள் வரிசை கட்டி நிற்கும், ஆலை வாசலுக்குப் போகிறேன். டேப் சுற்ற வைத்தது நான், வண்டியை நிறுத்தாதே என்றதும் நான், இன்னாசிமுத்து எதையும் எடுக்கவில்லை என்று எல்லோர் காதிலும் விழச் சொல்ல வேண்டும். அடுப்படியில் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தேன், இரண்டு தரமும் அவன் பெயர் வரும் இடத்தில் நிறுத்திவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

உனக்கு ஒரு குறையும் வராது, அம்மன் கூடவே இருப்பாள். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. நாளைக் காலையில் மட்டும் போன் பண்ணாதே, உன் குரலைக் கேட்டால் அழுதுவிட்டு வீட்டிலேயே உட்கார்ந்துவிடுவேன்.

உன் அம்மா
விஜயகுமாரி